லயத்து முனையில் நின்றவன்

ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில், சீன மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் வகுப்பில், ஆம்புரோஸ் ஒரு ரப்பர் தோட்டத்தையே ஒளித்து வைத்திருந்தான். எண்பத்தாறாம் வருஷம் அது. வார நாள்களில் அங்கே பிள்ளைகளுக்கு பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பான். சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து எல்லாரும் தடதடவென்று படியிறங்கிப் போனதும், மூலையில் இருந்த தைவான் கம்ப்யூட்டரில் தன்னுடைய டிஸ்க்கைச் செருகுவான். பச்சை எழுத்தில் தோட்டம் எழுந்து வரும்.

படம் கிடம் ஒன்றும் கிடையாது. எல்லாம் எழுத்துதான், அதுவும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'நீங்கள் பெரட்டுக் களத்தில் நிற்கிறீர்கள். கிழக்கே ஆபீசு. மேற்கே ஸ்டோரு. தெற்கே லயம்' என்று திரை சொல்லும். 'தெற்கே போ' என்று தட்டினால் தோட்டத்து ஆள்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தும். விடியுமுன் ஆள்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடும் களம், ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரு, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, குழாயடி, எதையும் அவன் விடவில்லை. நிஜத்தில் அங்கே இவற்றில் ஒன்றுகூட இப்போது இல்லை. எழுபத்தைந்தில் தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள்.

இடத்தைக் கட்டியது சுலபம். ஆள்களைச் செய்வதற்குள்தான் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைகளில் விற்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் வரும் ஆள்கள், நாம் கதவைத் திறக்கும்வரை கல் மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள். திறந்தால் ஒரு வசனம், மூடினால் மறுபடி கல். ஆம்புரோஸுக்கு அது ஆகவில்லை. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவரவர் பாட்டை அவரவர் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசையும் ஒரு பயமும் வைத்து, இரண்டுக்கும் அளவாக ஓர் எண் கொடுத்தான். திரையில் பொழுது ஒரு தடவை நகரும்போதெல்லாம் அந்த ஆள் சுற்றிலும் பார்ப்பான், யார் இருக்கிறார்கள், என்ன வேளை என்று கணக்குப் போடுவான், ஆசை ஜெயித்தால் நடப்பான், பயம் ஜெயித்தால் நிற்பான். நடுவில் கம்ப்யூட்டர் ஒரு தாயமும் உருட்டும். மனுஷ புத்தி எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா, அதற்காக.

ஒரு சனிக்கிழமை சின்னையாவைக் காணவில்லை. சின்னையாவுக்கு ஆசை கள்ளுக்கடை, பயம் பெண்டாட்டி மாரியம்மா. அவ்வளவுதான் எழுதியிருந்தான். தோட்டம் முழுக்கத் தேடினால் மனுஷன் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் போகிற வழி அவர் வீட்டு வாசல் பக்கமாகப் போனதால், மாரியம்மா குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்து அங்கே பதுங்கிக்கொண்டார். நிஜச் சின்னையாவும் அதே இடத்தில்தான் பதுங்குவார். அதை ஆம்புரோஸ் எங்கேயும் எழுதவில்லை. அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று தனியாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று தோன்றியது. சின்னையா தானாக நடப்பாரென்றால், அவளும் நடப்பாள்.

அவள் என்றால் நவமணி. இத்தனை பாடும் அவளுக்காகத்தான், மறைப்பானேன்.

ஆம்புரோஸ் கிராணி வீட்டுப் பிள்ளை. அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். படிப்பு விடுமுறையில் வரும்போதெல்லாம் ஸ்டோரில் பால் நிறுக்க ஒத்தாசைக்கு நிற்பான். நவமணி பால்மரம் சீவுகிறவள், வாளியைத் தூக்கிக்கொண்டு வருவாள். "சின்னக் கிராணி, கண்ணு தராசுல இருக்கட்டும்" என்பாள். பின்னால் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். இப்படியே நாலு விடுமுறை போனது. தோட்டத்தை விற்றாயிற்று, ஆள்களை லாரியில் ஏற்றி வேறு தோட்டங்களுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சேதி வந்த வாரம், தராசுக்குப் பக்கத்தில் வைத்து அவளிடம் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரட்டுக் களத்துக்கு வா, ஈப்போவுக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்வோம் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள், வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் களத்தில் நின்றான். அவள் வரவில்லை. மதியம் லாரி வந்தது. நவமணி அப்பா அம்மாவோடு ஏறிப் போனாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஏன் வரவில்லை? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஆம்புரோஸ் முப்பத்து மூன்று வயது வரை கல்யாணப் பேச்சை எல்லாம் தட்டிக் கழித்தான். பிடிக்காமல் வரவில்லையா, பயந்து வரவில்லையா, அப்பன் அடித்துப் போட்டானா? அவளைச் சரியாகச் செய்து, அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப ஓட்டினால் தெரிந்துவிடும் என்று நம்பினான். படித்தவனுக்குப் பைத்தியம் பிடித்தால் இப்படித்தான் பிடிக்கும்.

அவளுக்கு ஓர் ஆசை வைத்தான்: ஆம்புரோஸ். பயத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டான். ஞாயிற்றுக்கிழமையை ஓட்டினான். 'நவமணி களத்துக்கு வருகிறாள்' என்றது திரை. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி ஓட்டினான், வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். மழை பெய்ய வைத்தாலும் வந்தாள். நாலைந்து வாரம் போனதும் அவள் வரும்போது அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வா என்று எழுதி வைத்தால் எந்த எழுத்தும் வரும். ஆசையின் எண்ணைக் குறைத்துப் பார்த்தான். அவள் பாட்டுக்குக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இதுவும் அவள் இல்லை. ஸ்டோரில் அத்தனை பேச்சுப் பேசியும் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பக்கத்து அறையில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் பெட்ரீசியா ஒரு சனிக்கிழமை குடையை மறந்துவிட்டுப் போய், எடுக்கத் திரும்பி வந்தாள். திரையைப் பார்த்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்புரோஸும் காட்டினான். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் என்ற நிலையில்தான் அவன் இருந்தான். அவள் தோட்டத்துக்குள் இஷ்டத்துக்குச் சுற்றினாள். சின்னையாவைத் துரத்தினாள், மாரியம்மாவிடம் கோள் சொன்னாள், லயத்தில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். அப்புறம் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"சார், இதுல 'நீங்கள் நிக்கிறீர்கள்'னு வருதே, அது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"நெசமாவே நீங்க லயத்துக்குள்ள போயிருக்கீங்களா?"

ஆம்புரோஸ் டிஸ்க் உறையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"எங்கப்பா தாப்பா பக்கத்துல பால்மரம் சீவுனவரு சார். கிராணி வீட்டு ஆளுங்க லயத்துக்குள்ள கால வச்சு நான் பார்த்ததே இல்ல. சாவு விழுந்தாகூட முனையில நின்னு மாலைய குடுத்து விட்டுட்டு போயிருவாங்க. உங்க தோட்டத்துல மட்டும் வேற மாதிரியா?"

வேறு மாதிரி இல்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தில் இருந்தவன், லயத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. செம்மண் சடக்கு, அதாவது தோட்டத்துப் பாதை, எங்கே முடிந்து லயம் தொடங்குகிறதோ, அந்த முனையில் கால் தானாக நின்றுவிடும். அம்மா வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். லயத்து ஆள்களுமே, "தம்பி, இங்கெல்லாம் வராதீங்க, அசிங்கமா இருக்கு" என்று அங்கேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் மட்டும் 'தெற்கே போ' என்று தட்டி, வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய் வந்திருக்கிறான். எல்லாருக்கும் பயம் எழுதியவன் தனக்கு மட்டும் எழுதவில்லை.

"உங்களுக்கும் ஒரு ஆள செய்ங்க சார்" என்றாள் பெட்ரீசியா. "அவனையும் தானா நடக்க விடுங்க. அப்புறம் இந்த அக்காவுக்கு ஏன் பயம் காலியா இருக்கு? வயசுப்பொண்ணு பெட்டிய தூக்கிட்டு நடு களத்துல வந்து நின்னுருமா? மக ஓடிப்போயிட்டான்னு ஒரு பேச்சு வந்தா அவங்கப்பா மறுநாள் பெரட்டுல எப்படி நிப்பாரு? வீட்டு வாசலுக்கு ஆளு வந்து கேக்கணும் லா. அதானே நம்மாளுங்க மொற."

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தன்னையே ஒரு ஆளாகச் செய்வது ஆம்புரோஸுக்குப் பல் பிடுங்குவதாக இருந்தது. ஆசை நவமணி, அது சுலபம். பயத்தை எழுத மூன்று சனிக்கிழமை ஆனது. அம்மா, ஆபீசு, ஆள்களை வேலை வாங்குகிற மண்டோர் ஐயாவுவின் பார்வை, கிராணி மகன் என்ற பெயர். ஒவ்வொன்றுக்கும் எண் போடும்போது குறைத்துப் போடக் கை போனது, அதட்டித் திருத்தினான். நவமணிக்கும் பெட்ரீசியா சொன்ன பயத்தை வைத்தான். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை ஓட விட்டான்.

'ஆம்புரோஸ் களத்தில் நிற்கிறான். காத்திருக்கிறான். நவமணி வீட்டு வாசலில் நிற்கிறாள். காத்திருக்கிறாள்.' திரை நிறைய இதே வரிகள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் லாரி வந்தது.

சொன்னால் வெட்கம், அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அவள் மறுக்கவில்லை! வாசலில்தான் நின்றிருக்கிறாள்! ஆனால் இது கம்ப்யூட்டர் சொல்வது, அதுவும் பெட்ரீசியா சொன்னதை வைத்து. நிஜமா என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஈப்போவிலிருந்து பஸ்ஸும் உண்டு. இத்தனை வருஷமாக உண்டு. துரைக்கு ஏறத்தான் நேரம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினான். இறங்கி விசாரித்துப் போனால், அங்கேயும் ஒரு சடக்கு, அதன் கடைசியில் வரிசை வீடுகள். முனையில் கால் நின்றது. குழாயடியில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆம்புரோஸ் ஒரு மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை முட்டியது.

நவமணி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உடம்பு பூசியிருந்தாள், கண் அதே கண். பார்த்ததும் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சின்னக் கிராணியா? வாங்க, வாங்க. உள்ள வந்து உக்காருங்க. அவரு செம்பனைப் பழ லாரி ஓட்டுறாரு, சாயந்திரம் வந்துருவாரு. இருந்து பார்த்துட்டு போகலாம்."

அவர் என்றால் புருஷன் சீனி. பிள்ளைகள் இரண்டு, கோயில் வகுப்புக்குப் போயிருந்தன. ஆம்புரோஸ் உட்கார்ந்தான். நலம் விசாரித்தான். அதற்கு மேல் சுற்றி வளைக்க அவனால் முடியவில்லை.

"நவமணி, அன்னிக்கி நீ வீட்டு வாசல்லதான் நின்னியா? நான் வந்து கேப்பேன்னு?"

அவள் கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசல்லயா? இல்லையே" என்றாள். "நான் வந்தேன்."

"எங்க வந்த?"

"ஸ்டோருக்குப் பின்னால. கையில பெட்டி இருந்துச்சு. அங்கேருந்து பார்த்தா களமும் தெரியும், லயத்து முனையும் தெரியும். நீங்க முனைய தாண்டி உள்ள வந்தா நானும் ஓடி வந்து உங்ககூட எங்கப்பா முன்னால நிக்கலாம்னு இருந்தேன். அவரு வெட்டட்டும், கொத்தட்டும். ரெண்டு பேரா நின்னா பயம் இருக்காதுல்ல."

"நான் களத்துலதான் நின்னேன். எனக்குத் தெரியாதே..."

"களத்துல மட்டும் நிக்கல. மறந்துட்டீங்களா?" அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "ரொம்ப நேரங்கழிச்சு நீங்க நடந்தீங்க. சடக்கு முனை வரைக்கும் வந்துட்டீங்க. நான் பெட்டிய தூக்கிட்டேன். அப்ப ஐயாவு மண்டோரு எதுத்தாப்புல வந்தாரு. 'என்ன தம்பி, இந்தப் பக்கம்'னு கேட்டாரு. நீங்க கைக்கடியாரத்த பார்த்தீங்க. 'சும்மாதான், பஸ்ஸுக்கு நேரமாச்சு'ன்னு திரும்பிட்டீங்க."

ஆம்புரோஸுக்கு ஐயாவுவின் வெற்றிலை வாய் ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. களத்தில் நின்றேன், அவள் வரவில்லை என்று தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லி, அந்த நடையையும் அந்தத் திரும்பலையும் அவன் அழித்தே விட்டிருந்தான். காரணம் தேடி ஒரு தோட்டத்தையே கட்டியவன், காரணத்தை மட்டும் அதில் வைக்கவில்லை.

"கோவமா இருந்தியா?"

"இருந்துச்சு. அத தூக்கிட்டு அலைய முடியுமா? வேலை வெட்டி இல்லையா?" என்று சிரித்தாள். "ஆனா ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரொம்ப நாளைக்கி முனை பக்கம் சத்தங்கேட்டா எட்டிப் பார்ப்பேன். இங்க வந்தப்புறமுந்தான்."

ஆம்புரோஸ் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னான். சின்னையா பதுங்கியதைச் சொன்னபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அதுல நான் என்னா செய்யறேன்?" என்று கேட்டாள்.

"களத்துக்கு வந்த. அப்புறம் வாசல்ல நின்ன."

"நீங்க என்னா செய்யறீங்க?"

"நிக்கிறேன்."

நவமணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என்னைய வாசல்ல வைக்காதீங்க. ஸ்டோருக்குப் பின்னால வைங்க, நான் நின்ன எடம் அதான். பெட்டியும் குடுங்க" என்றாள். "நீங்க வர்றீங்களான்னு பார்ப்போம்."

ஆம்புரோஸ் சீனி வரும்வரை இருந்தான். நல்ல மனுஷன், சாப்பிடாமல் விடமாட்டேன் என்றான். முருங்கைக்கீரையும் கருவாடும் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தான். ஈப்போ வரும்வரை வெளியே ஓடிய செம்பனைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவளைப் பெண்டாட்டியாக நினைத்து ஏங்கியது அன்றோடு போய்விட்டது. அதைவிட மோசமான ஏக்கம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த முனையைத் தாண்டியவனாக இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம்.

சனிக்கிழமை மதியம் அவள் சொன்னபடி எழுதினான். நவமணியை ஸ்டோருக்குப் பின்னால் நிறுத்தினான், பெட்டி கொடுத்தான். அவள் ஆசையில் தன் பெயரை எடுத்துவிட்டு, முனையைத் தாண்டி ஒருவன் வருவதைப் பார்ப்பது என்று போட்டான். ஐயாவுவுக்கு அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு வேலை வைத்தான். ஆம்புரோஸ் என்ற ஆளைத் தொடவே இல்லை. பெட்ரீசியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆம்புரோஸ் களத்தில் நின்றான். ரொம்ப நேரம் கழித்துச் சடக்கில் நடந்தான். நவமணி பெட்டியைத் தூக்கினாள். ஐயாவு வந்தார். ஆம்புரோஸ் திரும்பிவிட்டான்.

"பயத்த கொஞ்சங் குறைங்க சார்" என்றாள் பெட்ரீசியா மெதுவாக. "ஒரு நம்பர்தானே."

"குறைச்சா அவன் போயிருவான்" என்றான் ஆம்புரோஸ். "ஆனா அவன் வேற யாரோ. அவ பார்க்க நின்னது என்னைய."

ஆனால் தாயம் இருக்கிறதே. எண்ணை மாற்றாமலே, ஏதோ ஒரு தடவை, தாயம் சரியாக விழுந்து, அந்தக் கோழை தானாகவே ஐயாவுவைத் தாண்டி நடந்துவிடக்கூடும். அதற்கு இடம் இருக்கிறது, கொஞ்சமே கொஞ்சம். ஆம்புரோஸ் மறுபடி ஓட்டினான். திரும்பிவிட்டான். மறுபடி ஓட்டினான். பெட்ரீசியா எழுந்து போனதை அவன் கவனிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஸ்டோருக்குப் பின்னால் அவள் நின்ற இடத்திலிருந்து, சடக்கில் நடந்து வருகிற அந்தப் பையனைப் பார்த்தான். வாடா, வந்துவிடுடா என்று வாய்க்குள் சொன்னான்.